இந்தோனேசியப் பாரில் மொழிபெயர்ப்பாளன்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் தண்ணீர்ப் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பம்புகளுக்குப் படம் வரைகிற வேலை. யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் சில காலம் உழைத்து, மனைவியோடு வந்து சேர்ந்த புதிது. எங்கள் நிறத்து ஆட்களுக்கு இந்த நாட்டின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. அது எந்த நேரமும் காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொள்ளலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அதனால் வேலையில் யார் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

ஒருநாள் விற்பனைப் பகுதி மனேஜர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நெடிய உருவம், வெயிலில் சிவந்த கழுத்து, நல்ல மனுசன். ஒரேயொரு குறை, மற்றவர்கள் சொல்வதில் பாதிதான் அவர் காதில் விழும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.

"நீ அந்தத் தீவுகள் பக்கத்து ஆள்தானே?"

"ஓம். இலங்கை."

"அருமை! வெள்ளிக்கிழமை இந்தோனேசியாவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். பெரிய ஓடர். நீதான் மொழிபெயர்க்க வேண்டும்."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது சேர். எங்கடை பாஷை வேறை."

"உங்கள் ஆட்களின் அடக்கம்தான் எனக்குப் பிடிக்கும்" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "சிட்டியில் ஒரு இந்தோனேசிய பார் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அவர்களுக்கு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்."

நான் வாய் திறக்குமுன் போய்விட்டார். பின்னேரத்துக்குள் தொழிற்சாலை முழுவதும் செய்தி பரவி, வெல்டிங் செய்கிற கிரேக்கக் கிழவர்கூட என்னைக் கண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்குப் பிறகு எப்படி மறுப்பது?

இரவு மனைவியிடம் சொன்னேன். குசினிக்குள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தவள் அகப்பையோடு வந்து கதிரையில் இருந்தாள்.

"இப்ப என்னப்பா செய்யப்போறியள்?"

"அந்த பாருக்கு முதலே ஒருக்காப் போய், நாலு சொல்லு படிச்சுக்கொண்டு வாறதுதான்."

"தவறணைக்கோ? தனியவோ?" என்று எழும்பினாள். "நானும் வாறன்."

தவறணைக்குப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போன முதல் யாழ்ப்பாணத்தான் நீங்களாகத்தான் இருப்பியள் என்று ரெயிலில் முழுவழியும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் கட்டியிருந்தது கலியாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை.

ஒரு தையல் கடைக்கு மேலே, ஒடுக்கமான படிக்கட்டு ஏறிப் போனால் அந்த பார். பூப்போட்ட துணி சுற்றிய விளக்குகள் மங்கலாய் எரிந்தன. கரண்டு போனால் அவசரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தின வீடு மாதிரி இருந்தது. மேசைக்கு மேசை வேர்க்கடலை. மூலையில் கிட்டாரோடு மூன்று மாணவர்கள், இங்கிலிஷ் காதல் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். கழுத்துப்பட்டி தளர்த்திய வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் சிலர், ஏதோ பெரிய சாகசத்துக்கு வந்துவிட்டவர்கள் போல, ஒரு பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு விதி உண்டு. மைக் மேசைக்கு மேசை வரும். எவர் கைக்கு வருகிறதோ அவர் பாடியே ஆகவேண்டும். மைக் கிட்ட வரவர அந்தச் சாகசக்காரர்கள் ஒவ்வொருவராய் மலசலகூடத்துக்கு எழும்பிப் போவதைப் பார்க்க வேண்டுமே!

பாரை நடத்துகிற அம்மா எங்களைக் கண்டதும் "ஓம்! ஓம்!" என்று ஓடிவந்தார்.

மனைவி என் காதுக்குள் கேட்டாள்: "என்னத்துக்கு ஓம் எண்டுறா? நாங்கள் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே."

விசாரித்தால், அவர்கள் பாஷையில் 'ஓம்' என்றால் மாமா. நான் எதற்கெடுத்தாலும் ஓம், ஓம் என்று தலையாட்ட, இந்த மனுசன் ஏன் நிமிசத்துக்கு ஒருதரம் என்னை மாமா என்று கூப்பிடுகிறான் என்று அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

எங்கள் கஷ்டத்தைச் சொன்னோம். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒவ்வொரு சாமானாய்த் தொட்டுக் காட்டத் தொடங்கினார். மேசையைத் தொட்டு "மேஜா" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். யன்னலைக் காட்டி "ஜெண்டேலா" என்றார். கண்ணாடிச் சாமான் வைத்த அலுமாரி "லெமாரி" ஆயிற்று. மனைவிக்குப் பொறுக்கவில்லை. பாதணி போட்ட என் காலைப் பிடித்துத் தூக்காத குறையாய், "இது? இது என்ன?" என்று கேட்டாள்.

"செப்பாத்து."

"சப்பாத்து!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிட்டார் ஒரு கணம் நின்றது.

போர்த்துக்கீசன் எங்கள் கரைக்கும் வந்தான், அவர்கள் கரைக்கும் போனான். இரண்டு இடத்திலும் ஒரே சாமான்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதோடு முடியவில்லை. பெட்டி அங்கே பெத்தி, கப்பல் காப்பால், கடை கெடாய். இவை எங்கள் ஆட்கள் கொண்டுபோய்க் கொடுத்தவை. மனைவி இதைத் தன் சொந்தப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். பிறகு சாப்பாடு வந்தது. கோழியோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் சிவப்பாய்ச் சம்பல். அந்தக் காலத்து மெல்பேர்ணில் மிளகுத்தூள்தான் உறைப்பின் உச்சம். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. சரியான உறைப்பு" என்று சந்தோசத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

ஆனாலும் மேசை, அலுமாரி, சப்பாத்தை வைத்துக்கொண்டு பம்பு விற்க முடியுமா? வெள்ளிக்கிழமை பெத்தி, காப்பால், கெடாய் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி அதே படிக்கட்டில் ஏறினேன்.

வந்தவர்களில் மூத்தவர் குள்ளமான, நரைத்த தலைக்காரர். பூவேலை போட்ட நீளக்கைச் சட்டை, ஒரு சுருக்கம் இல்லை. மற்றவர் இளம் இஞ்சினியர், தோடம்பழச் சாறு வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். மனேஜர் ஒவ்வொரு சொல்லாய், செவிடருக்குச் சொல்வதுபோல் உரத்து, "உங்கள் – ஊர் – மாதிரி – இருக்கிறதா?" என்று கையை விரித்துக் கேட்டார். பெரியவர் புன்னகையோடு தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், நீளமாக ஏதோ கேட்டார்.

எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தி" என்றேன். பெரியவர் காத்திருந்தார். "காப்பால்" என்றேன். இன்னும் காத்திருந்தார். "கெடாய்" என்று முடித்தேன்.

பெரியவரின் ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது.

"என்ன கேட்கிறார்?" என்றார் மனேஜர்.

"பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவீர்களா என்று கேட்கிறார்."

"கட்டாயம்! கட்டாயம்!" என்று மனேஜர் உற்சாகமாகி, கையில் அகப்பட்ட கிண்ணத்தைத் தக்காளி சோஸ் என்று நினைத்து, இறைச்சிக்கு மேலே முழுவதையும் கவிழ்த்து, ஒரு பெரிய துண்டை வாயில் போட்டார். நான் தடுக்கக் கை நீட்டுவதற்குள் அது உள்ளே போய்விட்டது. முதலில் கழுத்துச் சிவந்தது. பிறகு காது. பிறகு மனுசன் பியர்க் கிளாசோடு படிக்கட்டுப் பக்கம் ஓடினார். பாரின் அம்மா சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மேசையில் நாங்கள் மூன்று பேர். பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். அழகான இங்கிலிஷில், "உங்களுக்கு எங்கள் பாஷை தெரியாது, இல்லையா?" என்றார். "நான் இப்போது உங்களிடம் கேட்டது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று."

"தெரியாது ஐயா. நான் சொன்னேன், அவர் காதில் விழவில்லை" என்றேன்.

"என் கதையும் அதேதான். நான் பிரிஸ்பேனில் படித்தவன். விமான நிலையத்தில் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் உங்கள் மனேஜர், 'கவலை வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்' என்று கைச்சைகையாலே முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவு பாடுபட்டுச் சொன்னவரிடம் எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்றால் மனம் நோகாதா? அப்படியே விட்டுவிட்டேன்."

இளம் இஞ்சினியர் தோடம்பழச் சாற்றுக்குள்ளே சிரித்துப் புரைக்கேறினார். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாய் நெஞ்சில் இருந்த கல் அது!

"இனி என்ன செய்கிறது?" என்று கேட்டேன்.

"விலைப் பேச்செல்லாம் திங்கட்கிழமை ஆபீசில். இன்றைக்குச் சாப்பாடுதானே. சேற்றுத் தண்ணீரில் பம்பு அடைபடுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, இந்த இரண்டையும் கேட்கிறேன். நீங்கள் உங்கள் பாஷையிலேயே எனக்குப் பதில் சொல்லுங்கள். என்ன பாஷை?"

"தமிழ்."

"எங்கள் மேடான் பட்டணத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கும்."

மனேஜர் கண் கலங்கத் திரும்பி வந்து இருந்தார். பெரியவர் மிகுந்த மரியாதையோடு என்னைப் பார்த்துத் தன் பாஷையில் பேசினார். நான் நிமிர்ந்து இருந்து தமிழில் தொடங்கினேன்:

"ஐயா, இந்த மனுசன் வாய் வெந்துபோய் இருக்கிறார், பாவம். இவருக்கு ஒரு கோப்பை மோர் குடுத்தால் நல்லது. ஆனால் இந்த ஊரிலை மோருக்கு எங்கை போறது?"

பெரியவர் ஆழ்ந்து யோசித்துத் தலையசைத்தார். "சேற்றுத் தண்ணீரில் அடைபடுமா என்று கேட்கிறார்" என்று மனேஜருக்குச் சொன்னேன். அவர் விளக்கினார். நான் அதைத் தமிழில், ஊர்க்கதை எல்லாம் கலந்து, இரண்டு மடங்கு நீளத்தில் சொன்னேன். வீட்டுக்கு வெளியே, குரலைத் தாழ்த்தாமல், சுற்றுமுற்றும் பார்க்காமல் நான் தமிழ் கதைத்தது இந்த நாட்டில் அன்றைக்குத்தான் முதல்தரம். ரெயிலில், கடையில், எங்கும் நானும் மனைவியும் கிசுகிசுத்தே பழகியிருந்தோம். வாய்க்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்றிருந்தது.

"கேட்க என்ன அழகான பாஷை இந்தோனேசியன்!" என்றார் மனேஜர்.

மைக் எங்கள் மேசைக்கு வந்தபோது மனேஜர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எரிந்த நாக்கோடு மாடு மேய்ப்பவர்களின் பாட்டு ஒன்றைப் பாடினார். சுருதி ஒரு பக்கம் போக மாடு இன்னொரு பக்கம் போயிற்று. மாணவர்கள் கிட்டாரோடு இரண்டையும் துரத்தித் துரத்திப் பிடித்தார்கள்.

விடைபெற வெளியே தெருவுக்கு வந்தோம். பெரியவர் மனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக இங்கிலிஷில் சொன்னார்: "மிக இனிமையான மாலை. உங்கள் மொழிபெயர்ப்பாளர் அபாரம். அவர் இல்லாமலே எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது."

டாக்சி அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. மனேஜர் அது போன திசையையே பார்த்தபடி நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அந்த ஆளுக்கு இங்கிலிஷ் தெரியும்."

"ஓம் சேர்."

"அப்போ நீ பேசியது?"

"தமிழ்."

"எல்லாமேயா?"

"பெட்டி, கப்பல், கடை என்ற மூன்றையும் தவிர. எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன் சேர்."

"சொன்னாயா?"

"சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார், டாக்சி போன திசையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரைவிட நான்தான் கூடச் சிரித்திருப்பேன். பயம் முழுவதும் அதோடு வெளியே போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். "வேலை இருக்கோ?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். கதையைச் சொல்லி முடிக்கும்வரை என்னைச் சப்பாத்துக் கழற்றவும் விடவில்லை.

திங்கட்கிழமைப் பேச்சுவார்த்தை நல்லபடி முடிந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. மத்தியானம் மனேஜர் என் மேசைக்கு வந்து, இந்தமுறை ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அந்தப் பாஷையில் ஏதாவது சொல்லு, கேட்போம்."

வெள்ளிக்கிழமை அவ்வளவு கதைத்தவனுக்கு, திடீரென்று கேட்டதும் வாயில் வந்தது ஒரே சொல். "பசிக்குது" என்றேன்.

"அப்படியென்றால்?"

அர்த்தத்தைச் சொன்னேன். முதல்தரமாக நான் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எழும்பி, என்னையும் எழுப்பி, கன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.