சாமி நிற்காத வீடு

தேவகியம்மா இறந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. பிளக்ஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகும் வழியில், அவர் குடியிருந்த தெருமுனையில் இரண்டு பேர் ஏணி போட்டு அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கட்டி முடிந்திருந்தது. மறுபக்கம் காற்றில் மடங்கி விரிந்தபோது அவர் முகம் தெரிந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த பழைய படம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே, ‘ஆழ்ந்த வருத்தத்துடன், தெருவாசிகள்.’

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து, அதன் கீழே நின்றேன். கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “தெரிஞ்சவங்களாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தெருவாசிகள் தேவகியம்மாவுக்கு என்ன செய்தார்கள் என்பது அவர் நடத்திய விடுதியில் தங்கியிருந்த நமக்குத் தெரியும். நம்மில் பலர் இப்போது ஓசூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டோம். கடைசியாக ஒருமுறை அவரைப் பார்க்க உங்களில் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. முதலில் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவகியம்மா பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அதே போன்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்ததும் கூடத்தில் இருந்த தறியை விற்றுவிட்டு, தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசி, கட்டில்கள் போட்டார். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஆயிற்று அந்த வீடு. தறி போய்விட்டதே என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. “அதுல குந்திக்கினு முதுகு போனது எனக்குத்தான் தெரியும்” என்பார்.

நானும் என் தோழி கவிதாவும் பல வீடுகள் ஏறி இறங்கி, அங்கே போய்ச் சேர்ந்தது கடைசியாகத்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி பஸ் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும் என்பதால் இங்கே வாடகைக்கு இடம் தேடினோம். ஒரு வீட்டில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், உங்கள் கிராமத்தில் எந்தப் பக்கம் உங்கள் வீடு என்று கேட்டார்கள். எஸ்தர் என்று என் பெயரைச் சொன்னதும் ஒரு அம்மாள், கிறிஸ்தவர்களிலும் எத்தனையோ வகை இருக்கிறதே என்று இழுத்தார். இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், பையன் வரப்போகிறான் என்றார்கள். இந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டார்கள். நாளைக்குக் கடைத்தெருவில் பார்த்துத் தொலைக்க வேண்டுமே.

தேவகியம்மா எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இன்னா ஷிப்டு?” சாப்பாட்டை எப்போது தயாராக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவரைத் தெய்வமாக்க இதை எழுதவில்லை. அவர் இருந்தால் அதற்குச் சம்மதிக்கவும் மாட்டார். ஆரம்பத்தில் அவருடைய சமையலறைக்குள் நாங்கள் யாரும் போகக் கூடாது. காரணம் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். நான் கேட்காமலே உள்ளே போய்க் கஞ்சி வைத்து எடுத்து வந்தேன். வெகுநேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குடித்தார். “உப்பு பத்தல. அடுப்பு மேல டப்பா இருக்குது பாரு, எடுத்தா” என்றார். அதன் பிறகு அந்த வாசலில் தடை இல்லை.

மூன்று விதமான ஊர்களைப் பற்றி அவர் அடிக்கடி ஒன்று சொல்வார், நினைவிருக்கும். “கிராமத்துல உன்னைத் தெரியும், சோறும் போடுவான். மெட்ராஸ்ல உன்னைத் தெரியாது, சோறும் போடமாட்டான். இங்க உன்னை நல்லாத் தெரியும், சோறு மட்டும் போடமாட்டான்.” எங்கள் கிராமத்தில் எங்களையும் தெரியும், ஆனால் சோறு போட்டதில்லை என்று ஒருநாள் நான் சொன்னேன். அவர் கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என் முன்னால் எடுத்ததே இல்லை.

வினை வந்தது ஒரு மோட்டார் சைக்கிளில். கம்பெனி பஸ் பழுதாகி நின்ற ஒரு நாள் மாலை, கூட வேலை செய்யும் ஒருவர் கவிதாவைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தெருவின் பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்று பேசியவர் ஏகாம்பரம். தேவகியம்மாவின் கணவருக்குத் தம்பி, எதிர் வீட்டுக்காரர், தெருக் கோயிலின் விழாவை நடத்துகிறவர். நாங்கள் கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கௌரவமான தெரு, வயசுப் பிள்ளைகள் இருக்கிற தெரு என்றெல்லாம் ஆரம்பித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். விடுதி நடத்துவதில் தப்பில்லை, நம்மவர்கள் வீட்டுப் பெண்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்றார்.

தேவகியம்மா குரலை உயர்த்தவில்லை. “உன் பொண்ணு பெங்களூர்ல ஹாஸ்டல்லதானே இருக்குது? பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறது யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டியா?”

“அது பெங்களூரு அண்ணி. இது நம்ம ஊரு.”

இந்த ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், ஏகாம்பரத்தின் அந்தப் பதிலைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். மால் வந்துவிட்டது, பன்னாட்டு கம்பெனியின் பஸ் தெருமுனை வரைக்கும் வருகிறது, பிள்ளைகள் உலகமெல்லாம் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும்.

யாரையும் அனுப்ப முடியாது என்று தேவகியம்மா சொல்லிவிட்டார். வந்தவர்களும் சண்டை போடவில்லை. காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. தெருக் கோயில் முருகன் அன்று மாலை புறப்பாடு வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார். அந்த வீட்டார் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, விபூதி வாங்கிக்கொள்வார்கள். தேவகியம்மா வாசல் முழுக்கக் கோலம் போட்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தோடு நின்றார். பூத்தட்டு என் கையில் இருந்தது. பக்கத்து வீட்டில் சாமி நின்றது. தீபாராதனை முடிந்து கிளம்பியது. எங்கள் வாசலுக்கு வந்ததும் ஏகாம்பரம் முன்னால் நடந்தபடியே கையை வீசினார். தூக்கி வந்தவர்கள் நடையை நிறுத்தவில்லை. மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. பழக்கப்படி எங்கள் வாசலில் நின்றுவிட்டவர்கள், சாமி போய்விட்டதைப் பார்த்து, வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். கற்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது.

கவிதா அழுதாள். தன்னால்தான் இதெல்லாம் என்றாள். தேவகியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். “சாமி நிக்காம போவலம்மா. தூக்கிக்கினு போறவன் நிக்கல. நீ ஏன் அழுவுற?” என்றார். நாங்கள் அதை நம்பினோம். அவர் நம்பினாரா என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பூஜை மாடத்தில் பல நாள் விளக்கு ஏற்றவில்லை. உடைக்காத அந்தத் தேங்காயை மறுநாள் சட்னி அரைத்துவிட்டார். நாங்கள் அதைத் தொடவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டார். அடுத்த வருஷம் புறப்பாடு வந்தபோது வாசற்கதவு சாத்தியிருந்தது.

பிறகு கல்யாணப் பத்திரிகைகள் நின்றன. இந்த ஊரில் ஒரு வீட்டை ஊர் மதிக்கிறதா இல்லையா என்பது அதில்தான் தெரியும். முகூர்த்த மாதங்களில் அவர் வீட்டு டிவி பக்கத்தில் பத்திரிகைகள் அடுக்கி இருக்கும். அந்த இடம் காலியானது. எதிர் வீட்டில் ஏகாம்பரத்தின் மகளுக்கு நலங்கு நடந்தபோது சிரிப்புச் சத்தமெல்லாம் எங்கள் கூடத்தில் கேட்டது. தேவகியம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். மகன் விஷயம்தான் அவரைச் சாய்த்தது. முரளி சென்னையில் வேலை பார்த்தான். பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருமுன் தெருவில் வந்து விசாரிப்பார்கள். தெரு என்ன சொன்னது என்று நான் எழுத வேண்டியதில்லை. பெண்களை வைத்து விடுதி நடத்துகிறாள் என்ற ஒரு வாக்கியத்தை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள். வரன்கள் வந்த வழியே திரும்பின. ஒருநாள் முரளி வந்து கூடத்தில் நின்றுகொண்டே சொன்னான். “ஊருக்குள்ள என் பேரே ஆஸ்டல்காரம்மா பையன்னு ஆயிடுச்சுமா.” ஏகாம்பரத்துக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது, பெற்ற பிள்ளைக்குச் சொல்ல இல்லை.

விடுதி மூடப்பட்டது. நாம் ஒவ்வொருவரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்வரை காத்திருந்து, கடைசிப் பெண் போன பிறகுதான் வீட்டை விற்றுவிட்டு முரளியோடு போனார். வாங்கியவர் இடித்துவிட்டார். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களின் கார்கள் இப்போது அங்கே நிற்கின்றன. அந்தக் கார்களில் யார் வருகிறார்கள் என்று தெருவில் ஒருவரும் கேட்பதில்லை.

போன வருஷம் தாம்பரத்தில் முரளியின் வீட்டில் போய் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். அடுக்குமாடியில் யாரோடும் பழக்கம் இல்லை என்றார், அது நிம்மதியாக இருக்கிறது என்றும் சொன்னார். ஊருக்கு ஒருமுறை வாருங்கள், என் வீட்டில் வந்து தங்குங்கள் என்று கூப்பிட்டேன். “வேணாம் எஸ்தரு. செத்தாக்கூட அங்க எடுத்துக்கினு போவாதீங்கன்னு முரளிகிட்ட சொல்லிட்டேன்” என்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா என்று கேட்டேன். ஏகாம்பரம் அவரைப் பார்க்க வந்தாராம், பழசை மறந்துவிடலாம் என்றாராம். “வந்தவனை உக்காருன்னு சொல்லல. நான் மறந்துட்டா அவன் செஞ்சது சரின்னு ஆயிடும்மா. அவன் சாவுற வரைக்கும் அது தப்பாவே இருக்கட்டும்.”

பிளக்ஸின் கீழிருந்து நேராகத் தெருவுக்குள் போனேன். அவர் உடலை ஊருக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். வீடு இல்லாததால் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஏகாம்பரம்தான் எல்லாவற்றையும் ஓடியாடி நடத்திக்கொண்டிருந்தார். முரளியைத் தனியாக அழைத்து, அம்மா சொன்னது உனக்கு நினைவில்லையா என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். “சொன்னாங்கக்கா. ஆனா நாளைக்கு நானும் இவங்க மூஞ்சில முழிக்கணும் இல்ல?”

நான் மாலையோடு பெட்டிக்கு அருகில் போனபோது, சொந்தக்காரர்கள் வரவேண்டும், கொஞ்சம் ஓரமாக நில்லம்மா என்று ஏகாம்பரம் மரியாதையாகத்தான் சொன்னார். நான் நகரவில்லை. மாலையை வைத்துவிட்டு, எடுக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு ஏகாம்பரத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வங்கியில், மருந்துக் கடையில், பேருந்து நிலையத்தில். இந்த அளவுள்ள ஊரில் யாரிடமிருந்தும் தப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் சிரிக்கிறார், நல்லாயிருக்கியாம்மா என்று கேட்கிறார். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி, நடந்ததை நடக்காததாக்கியே வாழும் ஊர் இது. இங்கே ஒரு மனிதனுக்கு முகம் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தேவகியம்மா அதை எதிர் வீட்டுக்கே செய்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நான் சிரிப்பதில்லை.