கதவுச் சந்தில் வந்த மூச்சு

அன்று பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வாசலில் இருந்தவர்கள்: அண்ணி, நான், என் மனைவி, தாய்மாமன், குழி வெட்டிவிட்டு வந்த கிட்டான், அவரோடு வந்த இரண்டு பேர். ஆக ஏழு பேர். மற்ற சொந்தபந்தங்கள் குளித்துவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று, இதை எழுதும்போது அண்ணியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ஏழுதான் என்றார். அண்ணன் இல்லை. அவரை அன்று மதியம்தான் அடக்கம் செய்திருந்தோம். ஆனாலும் அது அவர் வீடு திரும்பும் நேரம்.

வருஷம் திரும்பி அண்ணனுக்கான இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும்போது, குடியைப் பற்றி ஒன்றும் எழுதாதே என்று மாமா சொன்னார். நாலு பேர் வீட்டில் கிடக்கப்போகிற புத்தகம், மானம் போகும் என்றார். எனக்கும் பயம்தான். அண்ணிதான், "அதை உட்டுப்போட்டு எழுதுனா அவரு ஆருன்னே தெரியாதுங்க தம்பி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பாலக்காட்டு எல்லையோரம், எங்கள் எலப்புள்ளியில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். பூமியில் விளைந்தது போதாமல், அண்ணன் மலைமேல் ஏலப்பாறைக்குப் போய்த் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குளிருக்கு ஒரு வாய் என்று அங்கேதான் தொடங்கியது. ஊர் திரும்பியபோது குளிர் அங்கேயே நின்றுவிட்டது, குடி கூடவே வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. உழவு மாடுகள் போயின. ஆறாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டு மண்வெட்டி எடுத்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கை நீட்டிய நாட்கள் கொஞ்சம்தான். ஆனால் அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாதே. செருப்புச் சத்தம் கேட்டதும், அப்போது உயிரோடிருந்த அம்மாவும் அண்ணியும் நானும் பின்வழியாக ஓடி, மாடில்லாத கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம்.

ஒரு நாள் ஏதோ காரணத்தால் சாராயக் கடை அடைப்பு. அண்ணன் குடிக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே வந்தார். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஓடிவிட்டோம். அவர் வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். அடுப்பில் சோறு கொதிக்கிறது, வீட்டில் ஆளைக் காணோம். கொட்டகைக்கு வந்தவர் கதவைத் தட்டவில்லை.

"புள்ள, இன்னைக்கு நான் குடிக்கலே."

அண்ணி தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கதவைத் தொறக்க வேண்டாம். சந்துல ஊதறேன், பாரு."

பலகைச் சந்தில் அவர் மூச்சு வந்தது. அண்ணி முகத்தைக் கொண்டுபோனார். பீடி வாசம் மட்டும்தான். அப்போதும் அண்ணி கதவைத் திறக்கவில்லை. அண்ணன் போய்ச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்து, கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து அழுதார். ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. இப்போதும் சில சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போனால் கேட்கிறது.

மறுநாளிலிருந்து, வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் அண்ணி எதிரில் குனிந்து ஊதிக் காட்டுவார். தவறிய நாட்களும் உண்டு. அன்றைக்கும் மறைக்காமல் ஊதிக் காட்டிவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே படுத்துக்கொள்வார். அப்படியே குறைந்து குறைந்து, குடி நின்றே போனது. நின்ற பிறகும் ஊதிக் காட்டுவதை அவர் விடவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் மதுவிலக்கு வந்து கடைகளை மூடிய பிறகு, எல்லை தாண்டி வருகிறவர்களால் எங்கள் சாராயக் கடையில் எந்நேரமும் கூட்டம். அதைத் தாண்டித்தான் அண்ணன் வீடு வர வேண்டும். "பொண்டாட்டிகிட்ட ஊதிக் காட்டற ஆம்பளை போறாரு, வழி உடுங்கடா" என்பார்கள். அதில் பெரிய குரல் கிட்டானுடையது. குழி வெட்டுகிறவர், அண்ணனோடு முன்பு ஒன்றாகக் குடித்தவர். ஒரு நாள் நான் கூட இருந்தபோது அண்ணன் நின்று பதில் சொன்னார்.

"கிட்டா, பயந்தவ அவ. அவளே மோந்து மோந்து கண்டுபுடிக்கோணுமா? பயமுறுத்துனவன் நான், நான்தான் காட்டோணும்."

கிட்டான் சிரித்தார். அதன் பிறகு கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அண்ணன் அவரைத் தோட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்துக்கொள்வார். அங்கிருந்து எழுந்து கிட்டான் நேராகக் கடைக்குத்தான் போவார். அண்ணனுக்குக் கடைசிவரை அது ஒரு குறை.

அண்ணனுக்கு ஈரல் கெட்டிருந்தது. பழைய குடியின் மிச்சம் என்று பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கடைசி நாள் காலையில் மூச்சு விட்டு விட்டு வந்தது. அண்ணி குனிந்து அவர் வாயருகே முகத்தை வைத்தார்.

"பாத்துட்டனுங்க. ஒண்ணுமில்லீங்க. நீங்க தூங்குங்க."

அதுதான் அவர் கேட்ட கடைசிப் பேச்சு.

குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா பணத்தை என் கையில் திணித்தார். "தண்ணி காட்டாம எவன் மாப்ளே கடப்பாறையத் தொடுவான்? பொழுதோட எடுக்கோணுமல்ல?" என்றார். கொடுத்தால், அண்ணன் கிடக்கிற இடத்துக்கே அந்த வாசம் வரும். கொடுக்காவிட்டால் குழி இல்லை. கடைசியில் கிட்டானிடம் நீட்டிவிட்டேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

"குடிக்காம நான் குழி வெட்டுனதே இல்லீங்க. இன்னைக்கு வேண்டாமுங்க."

நான் நம்பவில்லை. வேறெங்காவது குடித்திருப்பார், குழிமேட்டில் தள்ளாடி நின்று அண்ணன் பெயரைக் கெடுப்பார் என்றே அடக்கம் முடியும்வரை பயந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் கூலிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அண்ணி, பழக்கத்தில், வாசற்படிக்கு வந்து நின்றிருந்தார். கிட்டான் தலைத்துண்டை அவிழ்த்தார். தள்ளி நின்றபடியே குனிந்தார். அண்ணி படியிறங்கிப் போய் முகத்தைக் கொடுத்தார். கிட்டான் ஊதினார். நான் நின்ற இடத்துக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அண்ணனுடைய மூச்சேதான். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மண் வாசம் மட்டும்தான் இருந்தது என்று பிறகு அண்ணி சொன்னார்.

மற்ற இருவரும் கூலி வாங்கிக்கொண்டார்கள். கிட்டான் கை நீட்டவில்லை. "என்ற காசு உங்க ஊட்டுலயே கெடக்கட்டுங்க. அதைய வாங்குனா குடிக்கத்தான் வாங்குவேன். வந்து கேட்டன்னா, அன்னைக்கு நான் உளுந்துட்டேன்னு தெரிஞ்சுக்குங்க" என்றார்.

ஒரு வருஷமாகப் பொழுது சாய்ந்தால் எனக்கு நிலைகொள்ளவில்லை. பாதையில் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் அண்ணன் என்றே தோன்றுகிறது. அப்புறம், ஐயோ கிட்டானோ என்று தோன்றுகிறது. அவர் ஒரு இருமல் இருமிவிட்டுத் தாண்டிப் போகிறார். அண்ணி இன்னும் படியில்தான் நிற்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொடுத்தவர்களுக்கும், இரவும் பகலும் துணையிருந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். கிட்டானுக்கு மட்டும் இங்கே நன்றி சொல்லவில்லை. சொன்னால் கணக்குத் தீர்ந்தது போலாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அவருக்கு நாங்கள் தர வேண்டியது பன்னிரண்டு ரூபாய்.