பத்துமணிப்பூக் களவு

அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு படலையடியில் அவர் வைத்த பத்துமணிப்பூவுக்கு நான் தண்ணீரே ஊற்றவில்லை. ஊற்றத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அக்கராயன் வெயிலில் புல்லெல்லாம் கருகிவிட்டது. அது மட்டும் ஓட்டை வாளி நிறையப் பூத்திருக்கிறது. தேனீக்களும் வழக்கம்போல வருகின்றன.

இன்று காலை பக்கத்து வளவு அன்ரி அதில் ஒரு தண்டை முறிப்பதைக் கண்டேன்.

"கேட்டிருந்தால் நானே முறிச்சுத் தந்திருப்பன், அன்ரி" என்றேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. தண்டை வாளியிலேயே திரும்ப வைத்தார்.

"கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, பிள்ளை. களவாய்க் கொண்டுபோய் நட்டால்தான் பிடிக்கும். கொம்மா எண்டால் என்னைக் கண்டதும் அங்கால திரும்பி நிண்டு கோழியைக் கூப்பிடுவா."

எங்கள் வீட்டில் ஒருநாளும் கோழி இருந்ததில்லை.

நான் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று "பா... பா..." என்று கூப்பிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அன்ரியும் இல்லை, தண்டும் இல்லை.

பூ வேண்டிய ஆட்கள் வாங்கோ. ஒருவரும் கேட்க வேண்டாம். நான் கோழி கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன்.