மறியல் நாளில் வந்த மருந்துப் பஞ்சு

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. சங்கராபுரம் ரோட்டில் பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடமும் இல்லையென்பதால் அந்தப் போராட்டத்துக்கு என் முழு ஆதரவும் இருந்தது.

எங்கள் ஊருக்கு இன்னொரு சண்டையும் இருந்ததாம்; இது எனக்குப் பிற்பாடு தெரிந்த சேதி. சோப்பும் பல்பசையும் செய்கிற ஒரு கம்பெனி, பெண்கள் மாதவிலக்குக்கு வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பட்டையையும் விற்க ஆரம்பித்திருந்தது. அதை வேனில் மைக் கட்டிச் சொன்னது ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரர்களை மிரட்டினார்கள். பேப்பரில்கூட வந்தது. அன்று நான் கண்டதெல்லாம், அந்தக் கம்பெனி போஸ்டர்மேல் என் மாமா சாணியைக் கரைத்து ஊற்றியதுதான்.

மறியலுக்காகப் புளியமரம் வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். மரம் சரியாக ரோட்டின் குறுக்கே விழுந்தது. அதற்குமுன் அரிவாள் அவர் உள்ளங்கையையும் பதம் பார்த்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேன் வந்து மாட்டிக்கொண்டது. நாலைந்து பேர் கல்லெடுத்தார்கள். வேனிலிருந்து இறங்கிய கம்பெனிக்கார அக்கா ஒருத்தி அவர்களைப் பார்க்கவேயில்லை. நேராக மாமாவிடம் வந்து, ஒரு வெள்ளைப் பட்டையை அழுத்தி வைத்துக் கட்டினாள். ரத்தம் நின்றது.

"இன்னாம்மா இது?"

"மருந்துப் பஞ்சுங்க."

சோப்புக் கம்பெனிக்கு மருந்தும் செய்யத் தெரியும் என்று மாமா நம்பிவிட்டார். "வைத்தியம் பண்ண புள்ள. வண்டிமேல எவனும் கைய வெக்கக் கூடாது" என்று சொல்லி, அக்காவையும் டிரைவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். அவர் கையைப் பார்த்த என் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

மாமா அந்தக் கட்டோடு போய் மறியலில் உட்கார்ந்தார். கையை உயர்த்திக் கோஷம் போட்டார். தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"மன்சனுக்கு அடிபட்டுக்கீது, சிரிச்சிக்கினு போறாளுங்க" என்று அவர் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக வந்து, அந்த அக்காவைச் சுற்றி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்னை உள்ளே விடவில்லை. மறுநாள் அம்மா காகிதத்தில் சுற்றிய பொட்டலங்களை என்னிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினாள்.

"யாருன்னா கேட்டா, காயத்துக்குக் கட்ற பஞ்சுன்னு சொல்லு."

ஒரே நாளில் இத்தனை வீட்டில் காயமா என்று எனக்குத் துக்கமாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியப்பா வாசலில் ஏர் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"காயம் ஆறிடுச்சா பெரிப்பா?" என்றேன்.

"எனக்கு இன்னாடி காயம்? நல்லாத்தானே கீறேன்."

பெரியம்மா என்னை அவசரமாக உள்ளே இழுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கை நிறைய வெல்லம் கொடுத்து அனுப்பினாள். அத்தனை வலியையும் வெளியே காட்டிக்கொள்ளாத மனிதர் என்று, பெரியப்பாமேல் எனக்கு ரொம்ப காலம் மரியாதை இருந்தது.