அம்மா கேட்டுப் பெற்ற சத்திரசிகிச்சை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மரண வீட்டுக்கு வந்த பலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஆபரேஷன் செய்யாம விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்களோ?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. இன்றும் அதிகமில்லை. ஆகவே, மகளாகிய நான் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அம்மா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பாடசாலையில் படித்து ஆசிரியையாகி, திருமணத்தின் பின் நாவலப்பிட்டிக்கு வந்தார். அப்பா காலமானபோது நானும் தம்பியும் பள்ளிப் பிள்ளைகள். அம்மா தனியாகவே எங்களை ஆளாக்கினார். வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்து பாடம் நடத்தாதவர் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவர் உடம்பு வலப்பக்கம் சாயத் தொடங்கியது. சேலைக் கொசுவம் ஒரு பக்கம் ஏறி நின்றது. வயதினால் முதுகெலும்பு தேய்ந்து பக்கவாட்டில் வளைந்துவிட்டது, அதில் நரம்பு நசுங்குகிறது என்றார்கள். நடந்தால் கால் எரிந்தது. மாத்திரை, இடுப்புப் பெல்ட், பயிற்சி, முதுகில் ஊசி என்று வருடங்கள் போயின. கடைத்தெருவில் எதையாவது பிடித்துக் குனிந்து நின்று நின்றுதான் போக முடிந்தது. பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டார்.

கண்டியில் நாங்கள் பார்த்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நரம்பை மட்டும் விடுவித்தால் வளைவு இன்னும் கூடலாம். ஆணியும் கம்பியும் பொருத்தி நிமிர்த்துவது பெரிய சத்திரசிகிச்சை. எலும்பில் பலம் குறைவு, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் இருக்கிறது, புண் ஆறச் சிரமப்படலாம். அதன்பின் குனிய முதுகு வளையாது என்றார்.

தம்பி ஒரேயடியாக மறுத்தான். "எழுபது தாண்டிருச்சும்மா. இப்படியே இருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

"நீங்க பாத்துக்குவீங்க. வலிக்கிறது எனக்குத்தானே," என்றார் அம்மா. "ரொம்ப நாள் இருக்கிறதுக்கா கேக்கிறேன்? நடக்கிறதுக்குக் கேக்கிறேன்."

சம்மதக் கையெழுத்தை அவரே போட்டார்.

டாக்டர் பயந்தது நடந்தது. புண்ணில் கிருமி தொற்றி, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போதும் புள்ள, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்று அழுதார். வேண்டாம் என்று சொன்ன தம்பிதான் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து தங்கினான். புரட்டிப் படுக்க வைக்க, துடைத்துவிட, ஊட்ட என்று இருவரும் மாறி மாறி நின்றோம். சண்டை போடக்கூட எங்களிடம் தெம்பிருக்கவில்லை.

மெல்லப் புண் ஆறியது. கால் எரிவு போயிற்று. முதுகு மட்டும் பலகை போலவே இருந்தது. சாமியறையில் தரையில் உட்கார முடியாது. செருப்பை நான்தான் மாட்டிவிட வேண்டும். அப்படி ஒரு காலை, கோயிலுக்கென்று நினைத்து நான் மாட்டிவிட, அவர் தனியாக ரயிலேறிக் கொழும்புக்கே போய்விட்டார். கதவைத் திறந்தது தம்பி. "நீ வேணாம்னு சொன்ன முதுகுதான்டா என்னையக் கூட்டிட்டு வந்துச்சு," என்றாராம் அம்மா.

இரண்டு வருடங்களுக்கு மேல் அப்படி நடந்தார். பின் நெஞ்சில் சளி கட்டி வந்த காய்ச்சல் சில நாட்களில் அவரைக் கொண்டுபோயிற்று. நானும் டாக்டர்களிடம் கேட்டேன். முதுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

சிகிச்சை செய்த டாக்டருக்கும், முகம் சுளிக்காத தாதியருக்கும், நாங்கள் சமைக்க முடியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

இதே முதுகு வருத்தத்தோடு உங்கள் வீட்டிலும் யாராவது இருக்கலாம். செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல என்னால் முடியாது. அவர்களையே கேளுங்கள். எங்கள் அம்மாவிடம் பதில் இருந்தது.