முன்வரிசைத் தோள்

தொண்ணூறுகளில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு, சுவரிலிருந்த ஒரு படத்தைப் பார்க்காமல் தேநீர் கிடையாது. பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டியெடுத்து, நியூ லின்னில் சட்டம் போட்டது. ஊர்த் தேர்த் திருவிழாவில் பெரிய நாதஸ்வர வித்துவான் ஒருவர். மடியில் வாத்தியம், மூடிய கண்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் இந்தப் படம் தொங்காத சலூனே இல்லை.

"தோடி ராகம் உள்ளுக்குள்ள சுத்துது. இன்னும் வாய்க்கு வரேல்லை," என்று விளக்குவேன். பிறகு இடப்பக்க மூலையில் கலங்கலாகத் தெரியும் வளைவைத் தொட்டு, "இது என்ரை தோள். எட்டு வயசு. முன்வரிசை," என்பேன்.

திருவிழாவுக்குப் போனது உண்மை. கச்சான் கடலைக் கடையைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் விசாவையும் வீட்டு மோட்கேஜ் கடனையும் தவிர வேறு பேச்சில்லாத ஆக்லாந்தில், சங்கீத ரசிகன் என்ற பட்டத்தை எனக்கு வாங்கித் தந்தது அந்தத் தோள்தான்.

ஒரு சனிக்கிழமை, நண்பர் தன் மாமனாரைக் கூட்டிவந்தார். ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவராம். அறை நிறைய ஆட்கள். நான் தோடியை முடித்துத் தோளுக்கு வந்தேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மூலையை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு வடை சாப்பிட்டார்.

போகும்போது வாசலில் காலில் சப்பாத்தை மாட்டியபடி, "தம்பி, அது நான் எடுத்த படம்," என்றார்.

"அப்ப... தோடி?"

"தவில்காரர் தனி வாசிச்சுக்கொண்டிருந்தார். இவருக்கு மூண்டு நாளாக் கலியாண வீடு. நல்ல நித்திரை. குறட்டையும் விட்டவர்."

"தோள்?"

"ஆரோ கட்டாமல் விட்ட ஆடு. முன்னுக்கு வந்து நிண்டுது. படத்தில அதின்ரை முக்கால்வாசியை வெட்டிப்போட்டன். முதுகு மிஞ்சிப்போச்சு." என் கையைத் தட்டினார். "பயப்பிடாதையும். உம்மடை கதைதான் வடிவு. நான் வாய் திறக்கமாட்டன்."

அவர் திறக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவிதான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் வேறு விருந்தினர். தோடியோடு நிறுத்தி, அவசரமாகத் தேநீருக்கு அழைத்தேன். குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னப்பா, உங்கடை தோளைக் காட்டேல்லையோ?"

காட்டினேன். சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமா சார். அப்படியே உங்க சாயல்."