ஜல்லியில் விழுந்த ரூபாய்

அருளப்பன் இறந்த செய்தி எனக்கு ரயில்வே போனில் வந்தது. பொம்மிடியிலிருந்து பேசியவர், வந்து சேர வேண்டிய இரண்டு புளி மூட்டைகளைப் பற்றி முதலில் விசாரித்தார். வந்துவிட்டன என்றேன். பிறகுதான், "நம்ம புக்கிங் அருளப்பன் காலைல தவறிட்டாருங்க. சாயந்திரம் அடக்கம்" என்றார். மூட்டைகள் வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதி முடித்த பிறகே நான் உட்கார்ந்தேன். நீண்ட சர்வீஸ் ஒரு மனிதனை இப்படித்தான் ஆக்கிவைக்கிறது.

அவரைப் பற்றிப் பொம்மிடிக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த டிக்கெட் கவுன்ட்டரில் நின்ற அனைவருக்கும் அவரைத் தெரியும். நிற்க வேண்டியிருந்த நேரம் அப்படி. நீங்கள் கொடுத்த காசைத் தலையிலும் காலிலும் இரண்டு விரலால் பிடித்து, பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றுவார். சிங்கம் நேராக நின்றால் மறுபக்கத்து எண்ணும் நேராக நிற்க வேண்டும். எண் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், காசு அடிக்கும் மிண்ட்டில் அச்சு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசைத் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து அதே மதிப்புக்கு நல்ல காசு ஒன்றைக் கல்லாவில் போடுவார். இதெல்லாம் முடிந்த பிறகு உங்களுக்கு டிக்கெட் கிடைக்கும். வண்டி இருந்தால் ஏறலாம்.

புகார்ப் புத்தகத்தில் ஒரு பயணி எழுதினார்: "கிளார்க் என் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னைச் சந்தேகப்படுகிறார்." விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. அருளப்பன் ஒரே வரியில் பதில் எழுதினார்: "நான் சந்தேகப்படுவது பயணியை அல்ல, அரசாங்கத்தை." பக்கத்து மேஜையில் இருந்த நான் அதைக் கிழித்துப்போட்டு, கண்பார்வைக் குறைவு என்று வேறு பதில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமே கண் பரிசோதனைக்கு உத்தரவு வந்தது. பார்வை குறையில்லாமல் இருந்ததால் மறுபடியும் விளக்கம் கேட்டார்கள்.

"மிண்ட் பண்ண தப்புக்குத்தாங்க மதிப்பு. அப்பறமா மனுசன் பண்ண தப்புக்கு ஒண்ணுமில்ல" என்பார். மிண்ட்டில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க கவர்மென்ட்டுங்க" என்றார்.

மனிதன் செய்த தப்புகள் பொம்மிடியில் ஏராளம். விடுமுறை வந்தால் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்தில் காசு வைப்பார்கள். சேலம் பாசஞ்சர் ஏறிப்போன காசைக் கவுன்ட்டருக்குக் கொண்டுவந்து, அபூர்வக் காசு என்று காட்டுவார்கள். அருளப்பன் தூரத்திலிருந்தே, "இது பாசஞ்சர் அடிச்சது" என்று அனுப்பிவிடுவார். ஒரு வாரத்தில் நான்கைந்துகூட வரும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் முனுசாமி வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயம் செய்பவர். சந்தையில் தக்காளி விற்றபோது கைக்கு வந்த ஒற்றை ரூபாய், மற்ற ரூபாய்களைவிட அகலமாக இருந்திருக்கிறது. ஊரெல்லாம் காட்டியிருக்கிறார். அவர் மனைவியின் தம்பி கோவிந்தன், கடத்தூர் மண்டியில் எடைபோடுபவன், அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அவன் வாயை அடைக்க வேண்டும் என்றே அவனையும் கூட்டிக்கொண்டு அருளப்பனிடம் வந்தார். வரிசை நீளமாக இருந்தது. வண்டிக்கு சிக்னல் விழுந்துவிட்டது. அருளப்பன் லென்ஸை எடுக்க மேஜை இழுப்பறையைத் திறந்தார். "வண்டி வந்துடுச்சுங்க, சீக்கிரம் பாத்துக் குடுத்து அனுப்புங்க" என்றேன் நான். எத்தனையோ வருடங்களாகத் தினமும் சொன்ன வாக்கியம். அன்று ஒருநாள்தான் அதைக் கேட்டார். இழுப்பறையை மூடிவிட்டு, "ரயில் அடிச்சதுங்க இது" என்று காசைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதான் நான் அப்பவே சொன்னேனே மாமா, ரயிலேறுன காசுன்னு" என்றான் கோவிந்தன். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். முனுசாமி பிளாட்பாரத்துக்குப் போய், "ரயிலுதுன்னா ரயிலே வெச்சுக்கட்டும்" என்று காசைத் தண்டவாளத்தில் வீசினார். அது ஜல்லிக்குள் போனது. மச்சானும் மாமாவும் வேறு வேறு பஸ்ஸில் ஊருக்குப் போனதாகப் பின்னால் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, சேலத்தில் காசு சேர்ப்பவர்கள் கூடிய இடத்தில் அருளப்பன் அதே மாதிரி அகன்ற ரூபாய் ஒன்றைப் பார்த்தார். காசை அடிக்கும்போது அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமாம். அதுதான் உலோகம் பரவாமல் பிடித்து, விளிம்பில் வரிகளையும் போடுகிறது. வளையம் விலகிய நேரத்தில் அடிபட்ட காசு அகன்றுவிடும், விளிம்பு மொழுக்கென்று இருக்கும். ஆனால் சிங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ரயில் ஏறினால் சிங்கம் நசுங்கிவிடும். மறுநாள் வேலைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "முனுசாமி காசுல சிங்கம் முழுசா இருந்துச்சுங்க. நான் பாத்தேன். பாத்துட்டும் அப்படிச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கி ஜல்லியைப் புரட்டுவார். "என்னங்க சார், சம்பளம் பத்தலைங்களா?" என்று தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன்கள் கேட்பார்கள். "என்னுது இல்லைங்க, ஒருத்தரோடது" என்பார். புது ஜல்லி கொட்டிய நாளில் அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கவுன்ட்டருக்கும் பிளாட்பார ஓரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அருளப்பன் முனுசாமியின் ஊருக்குப் புறப்பட்டார். நானும் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு முனுசாமி, "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? எனக்குத்தான் தெரியுமே. என் மச்சான் இருக்கறப்ப வந்து சொல்லுங்க" என்றார். மச்சான் அந்த வீட்டுப் படி ஏறி மாதக்கணக்காகிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்குத்தான் வந்தான். சொல்லியனுப்பினார்கள், மறுபடியும் இருவரும் போனோம்.

வாசலில் கட்டில் போட்டு மோர் கொடுத்தார்கள். அருளப்பன் உட்காரவில்லை. "அன்னைக்கு அவசரத்துல பாத்துட்டேங்க. உங்க மாமா காசு நல்ல காசு. தப்பு எம்மேல" என்றார்.

"யாருங்க அவசரப்படுத்துனது?" என்றான் கோவிந்தன்.

"யாருமில்லைங்க. எனக்கே அவசரம்."

நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மோர். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் காசு இருந்துச்சு, பொய்ன்னீங்க. இன்னைக்குக் காசு இல்ல, நெசம்ங்கறீங்க" என்றான் கோவிந்தன்.

"டேய், இம்மாந்தூரம் வந்து சொல்றாருடா" என்றாள் அவன் அக்கா.

"நம்பறேங்க்கா. காசக் காட்டச் சொல்லு."

முனுசாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மறுநாள் காலை அருளப்பன் மறுபடியும் ஜல்லியில் இருந்தார். எனக்கு மாற்றலாகும் வரை அதைத் தினமும் பார்த்தேன். அதன் பிறகும் நிறுத்தவில்லை என்றார்கள்.

அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் நிறையக் கூட்டம். சாமியார் ஜெபம் முடித்து எல்லோரும் மண் போட்ட பிறகு கோவிந்தன் என்னிடம் வந்தான். மாமாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவர் தன்னை அனுப்பியதாகச் சொன்னான். இருவருக்குள் பேச்சு இருக்கிறது என்றால், அந்த அளவுக்குச் சமாதானம் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவன் கேட்டான்: "அந்தக் காசு கெடைக்கவே இல்லைங்களா?"

"இல்லை" என்றேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, அன்று கவுன்ட்டரில் அவசரப்படுத்தியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோவிந்தன் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? மாமா இருக்கறப்ப வந்து சொல்லுங்க" என்றான்.

அருளப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூர் பஸ் ஏறுகிறேன்.